சேற்று நண்டுக்கு உள்ளூர்த் தீவனம்: சிறு வளர்ப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழகக் கடற்கரையின் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் களி நண்டு என்றும் சேற்று நண்டு என்றும் அழைக்கப்படும் நண்டைச் சிறு குளங்களிலோ வேலியிட்ட அடைப்புகளிலோ தனித்தனிப் பெட்டிகளிலோ வளர்ப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. குஞ்சு எங்கே கிடைக்கும், விற்பனை எப்படி என்பவை இங்கே பேசப்படவில்லை. வளர்ப்புச் செலவில் பெரும் பங்கை விழுங்குவதும், தண்ணீரைக் கெடுப்பதும், கடலுக்குச் சுமையாவதும் தீவனமே என்பதால் அதை மட்டுமே எடுத்துக்கொண்டுள்ளேன்.

சேற்று நண்டு இயற்கையில் எதைத் தின்று வாழ்கிறது?

பெரும்பாலோர் "மீன்" என்றே பதில் சொல்வார்கள். ஆனால் தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியக் கழிமுகங்களில் பிடித்த நண்டுகளின் இரைப்பையைத் திறந்து பார்த்தபோது, ஏறத்தாழப் பாதி நண்டுகளில் மட்டி, நத்தை போன்ற ஓட்டு உயிர்களின் எச்சமும், அதற்கு அடுத்தபடியாகச் சிறு நண்டு வகைகளின் எச்சமும் காணப்பட்டன. மீனின் எச்சம் அரிதாகவே இருந்தது. வேகமாக நீந்தி மீனை விரட்டிப் பிடிக்கும் உயிரினம் அல்ல இது. இரவில் சேற்றின் மேல் மெல்ல நடந்து, கால்நுனிகளால் தடவி, நகராததையும் மெதுவாக நகர்வதையும் கண்டெடுத்து, பெரிய கொடுக்கால் ஓட்டை நொறுக்கித் தின்பதுதான் அதன் வழக்கம். செத்த மீன் கிடைத்தால் விடாது. மட்கிய இலைதழைகளும் அதன் வயிற்றில் இருப்பதுண்டு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீன் இல்லாமல் நண்டு வளராது என்ற எண்ணமே வளர்ப்பாளரை ஒரே தீவனத்தோடு கட்டிப்போடுகிறது. நண்டுக்குத் தேவை புரதம், கொஞ்சம் கொழுப்பு, கொலஸ்டிரால், சுண்ணாம்புச் சத்து ஆகியவையே. அவை எந்த வடிவில் வந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

துறைமுகத்தில் சங்காயம் மலிவாகக் கிடைக்கும்போது வேறு தீவனம் எதற்கு?

இழுவை மடியில் வேண்டாததாக வந்து சேரும் பொடிமீன் குவியலைத்தான் சங்காயம் என்கிறோம். அதைக் கொட்டி ஒருமுறை பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். காரல் போன்ற இயல்பாகவே சிறிய மீன்களோடு, வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய மீன்களின் குஞ்சுகளும், இறால் குஞ்சுகளும், கணவாய்க் குஞ்சுகளும் அதில் கலந்திருக்கும். நாம் கொடுக்கும் விலை, அந்தக் குஞ்சுகளைப் பிடிப்பதற்கான காரணங்களில் ஒன்றாகிவிடுகிறது. கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் ஏற்கெனவே இதே குவியலுக்குப் போட்டி இருக்கும் நிலையில், நண்டு வளர்ப்பும் போட்டியில் சேர்ந்தால் விலைதான் ஏறும். காரலும் சாளையும் ஏழை வீட்டுக் குழம்புக்கு உரியவை. மனிதர் உண்ணத்தக்க புது மீனை நண்டுக்குப் போடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; அந்த இரண்டு மாதமும் சங்காயம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தாலும் இதே நிலைதான். மடியில் நசுங்கி, வெயிலில் கிடந்து, பாதி அழுகிய நிலையில் வருவதால் குளத்தில் போட்ட உடனே சாறு கசிந்து நீரைக் கெடுக்கிறது. அதில் கலந்து வரும் பேத்தை மீனில் கடும் நஞ்சு இருப்பதால், சங்காயம் பயன்படுத்துவோர் ஒவ்வொரு கூடையையும் கொட்டிப் பேத்தையைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும்.

சங்காயத்தை நாளையே முழுவதுமாக நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதைத் தீவனத்தின் ஒரு சிறு பங்காகக் குறைத்து, மீதியை உள்ளூரில் வீணாகப் போகும் பொருளிலிருந்தும் விரைவாகப் பெருகும் உயிர்களிலிருந்தும் எடுக்க முடியும் என்பதே இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது.

நண்டுக்கு எவ்வளவு புரதம் தேவை?

இளம் சேற்று நண்டுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், உலர்ந்த தீவனத்தில் 32 முதல் 40 சதவீதம் வரை புரதமும், 6 முதல் 12 சதவீதம் வரை கொழுப்பும் இருந்தால் நன்றாக வளர்வதாகக் காட்டுகின்றன. இறாலைப் போலவே நண்டாலும் கொலஸ்டிராலைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது தீவனத்திலிருந்தே வர வேண்டும், ஏறத்தாழ அரை சதவீதம் போதும். புண்ணாக்கையும் தவிட்டையும் மட்டும் கலந்து கொடுத்தால் நண்டு தின்னும், ஆனால் ஓடு கழற்றுவதில் சிக்கல் வரும். தாவரப் பொருளில் கொலஸ்டிரால் கிடையாது என்பதே காரணம். இறால் தலை, கணவாய்க் கழிவு, மட்டிச் சதை ஆகியவற்றில் ஒன்று சிறிதளவாவது கலந்திருந்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

எந்தத் தீவனம் மலிவு என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரு கிலோவின் விலையை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ புரதம் என்ன விலைக்கு வருகிறது என்று பார்ப்பதே சரியான வழி.

எடுத்துக்காட்டாகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கலாம். சங்காயம் கிலோ 30 ரூபாய், அதில் புரதம் 17 சதவீதம் என்றால், ஒரு கிலோ புரதம் 176 ரூபாய் ஆகிறது. சோயாப் புண்ணாக்கு கிலோ 55 ரூபாய், புரதம் 45 சதவீதம் என்றால் ஒரு கிலோ புரதம் 122 ரூபாய்தான். விலை கூடுதலாகத் தெரியும் பொருளே உண்மையில் மலிவாக இருக்கிறது. மாறாக, ஓட்டோடு மட்டி கிலோ 15 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து வாங்கினால் நிலைமை வேறு. முழு எடையில் சதை 15 சதவீதம், சதையில் புரதம் 10 சதவீதம் என்று கொண்டால், ஒரு கிலோ புரதத்துக்கு ஏறத்தாழ 67 கிலோ மட்டி வேண்டும். செலவு 1,000 ரூபாய். மட்டி சத்தில் சிறந்தது, ஆனால் காசு கொடுத்து வாங்கி முழுத் தீவனமாகப் போடத் தக்கதல்ல என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இந்த விலையோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தின்னாமல் நீரில் கரைந்து போகும் பகுதிக்கும் நாம்தான் பணம் கொடுத்திருக்கிறோம். பாதி கரைந்து போகும் தீவனத்தின் உண்மையான விலை இரண்டு மடங்கு.

தண்ணீர் நண்டைக் கொழுக்க வைக்க ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போட வேண்டும்?

ஓடு கழற்றிச் சில நாளே ஆகி, உள்ளே சதை நிறையாமல் நீர் கோத்திருக்கும் நண்டைத்தான் தண்ணீர் நண்டு என்கிறோம். அதை மூன்று முதல் நான்கு வாரம் வைத்திருந்து சதை பிடிக்க வைப்பதே கொழுக்க வைத்தல். பச்சைத் தீவனமாக இருந்தால், முதல் வாரம் நண்டுகளின் மொத்த எடையில் 8 சதவீதமும், பிறகு 5 சதவீதமும் கொடுப்பது வழக்கம்.

அரைக் கிலோ நண்டுகள் 100 இருந்தால் மொத்த எடை 50 கிலோ. முதல் ஏழு நாளும் நாளொன்றுக்கு 4 கிலோ, அடுத்த 18 நாளும் நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ என 25 நாளுக்கு 73 கிலோ பச்சைத் தீவனம் வேண்டும். உலர்ந்த குச்சித் தீவனமாக இருந்தால் நீர் இல்லாத காரணத்தால் உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் போதுமானது. நண்டு இரவில் மேயும் உயிரினம் என்பதால், அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்கை விடியற்காலையிலும் மீதியைப் பொழுது சாய்ந்த பிறகும் போடுவது நல்லது.

மட்டி, ஊரி, நத்தை ஆகியவற்றை எங்கிருந்து, எந்த அளவுக்கு எடுக்கலாம்?

நண்டின் இயற்கை உணவுக்கு மிக நெருங்கியவை இவைதாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தின் இலோயிலோ நிலையத்தார், முக்கால் பங்கு பழுப்பு மட்டிச் சதையும் கால் பங்கு மலிவு மீனும் கலந்து கொடுத்து நல்ல வளர்ச்சி கண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் முக்கால் பங்கு மட்டிக்கு எங்கே போவது என்பதுதான் சிக்கல். பழவேற்காடு போன்ற ஏரிகளில் மட்டி எடுப்பது பல குடும்பங்களின் பிழைப்பு. நண்டுக்காக அதே படுகையைச் சுரண்டினால் சில ஆண்டுகளில் இருவருக்கும் இல்லாமல் போகும். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் காப்புக்காடுகள் ஆதலால் வனத்துறையின் அனுமதியின்றி அங்கே எதையும் சேகரிக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே சேகரிப்பதற்கே இடமில்லை. சங்கு, சிப்பி வகைகளில் சில 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலிலும் உள்ளன.

எஞ்சியவற்றில் மூன்று வழிகள் நல்லவை. உங்கள் குளத்து மதகிலும் வாய்க்காலிலும் தானாக ஒட்டி வளரும் ஊரியையும் மட்டியையும் சுழற்சி முறையில், சிறியவற்றை விட்டுவிட்டு எடுப்பது முதல் வழி. நெல் வயல்களில் மழைக்குப் பின் பெருகும் நத்தையைச் சேகரிப்பது இரண்டாவது. பூச்சிமருந்து அடித்த வயலாக இருந்தால் அந்த நத்தை வேண்டவே வேண்டாம். மட்டிச் சதை பிரித்து விற்கும் இடங்களில் உடைந்த சதையையும் ஒதுக்கியவற்றையும் கேட்டு வாங்குவது மூன்றாவது. எப்படிக் கிடைத்தாலும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கொடுத்தால் போதும். ஓட்டைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி விரிசல் விட வைத்துப் போட்டால் நண்டே சதையைக் கிள்ளி எடுத்துக்கொள்ளும். காலி ஓடுகளை வாரம் ஒருமுறை அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளத்தடி கூளமாகிவிடும்.

ஜிலேபி மீனைத் தீவனத்துக்கென்றே வளர்க்கலாமா?

வளர்க்கலாம், சிறு வளர்ப்பாளருக்கு இதைவிட நம்பகமான வழி குறைவு. திலேப்பியா என்கிற ஜிலேபி மீன் உவர்நீரையும் தாங்கும், பாசியையும் சாணக் குழம்பில் உண்டாகும் நுண்ணுயிர்களையும் தின்றே வளரும், சில வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு பொரிக்கும். உணவு மீன் வளர்ப்பவர்களுக்குத் தொல்லையாக இருக்கும் அதே பெருக்கம் நமக்கு வரமாகிறது. நண்டுக் குளத்தின் பக்கத்தில் இரண்டு மூன்று சென்ட் அளவில் தனிக் குட்டை ஒன்று வைத்து, தாய் மீன்களை விட்டுவிட்டு விரல் நீளத்துக்கு வளர்ந்தவற்றை வாரம் இருமுறை வலையால் அள்ளிக்கொள்ளலாம். தடைக்காலத்திலும் புதிய தீவனம் கையில் இருக்கும்.

இதில் ஒரு கட்டுப்பாடு தவிர்க்க முடியாதது. இது வெளிநாட்டிலிருந்து வந்த மீன். ஏரியிலும் ஆற்றிலும் புகுந்தால் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டையின் வடிகாலில் நெருக்கமான வலை கட்டி, வெள்ளத்தில் கரை மூழ்காதபடி உயர்த்திய பின்பே மீனை விட வேண்டும். தாழ்வான, ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் இடத்தில் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

மீன் சந்தைக் கழிவு பயன்படுமா?

தலை, செதில், குடல், முள் என்று நாள்தோறும் வெட்டுமிடத்தில் ஒதுக்கப்படுபவற்றில் நல்ல பங்கு நண்டுக்கு உணவாகும். ஆனால் குடலையும் செவுளையும் அப்படியே போட்டால் எண்ணெய்ப் படலம் பரவி நீர் கெடும். தலையையும் முள்ளோடு ஒட்டிய சதையையும் மட்டும் எடுத்து, துண்டாக்கி, ஒரு கொதி விட்டு வடித்துப் போடுவது நல்லது. வெட்டுபவரிடம் பேசி, குடலை வேறு வாளியிலும் தலையை வேறு வாளியிலும் போடச் சொல்லி, அதற்குச் சிறு தொகை கொடுத்தால் நம் வேலை பாதியாகக் குறையும்.

அதிகமாகக் கிடைக்கும் நாளில் அமிலம் கலந்தும் சேமிக்கலாம். அரைத்த மீன் கழிவுடன் அதன் எடையில் 3 சதவீதம் பார்மிக் அமிலம் கலந்து பிளாஸ்டிக் பீப்பாயில் மூடி, நாள்தோறும் கிளறினால் சில நாளில் கூழாகி, அமிலத் தன்மையால் பல வாரம் கெடாமல் இருக்கும். பின்னர் அதைத் தவிடும் மாவும் சேர்த்துப் பிசைந்து பயன்படுத்த வேண்டும். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இயற்கை விவசாயிகள் வெல்லம் சேர்த்துச் செய்யும் மீன் அமிலம் பயிருக்குத் தெளிப்பதற்கானது. அதை நண்டுத் தீவனம் என்று எண்ணிக் குளத்தில் ஊற்றிவிடக் கூடாது.

இறால் தலையைக் கொடுக்கலாமா?

வேகவைத்தால் கொடுக்கலாம், பச்சையாக ஒருபோதும் கூடாது. இந்திய இறால் பண்ணைகளை 1990-களின் நடுவில் நிலைகுலைய வைத்த வெண்புள்ளி நோயின் நச்சுயிரி இறால் தலையில் இருக்கக்கூடும். சேற்று நண்டு அந்த நச்சுயிரியைச் சுமந்துகொண்டும் வெளியே நோய் தெரியாமல் உயிரோடிருக்க வல்லது. அப்படிச் சுமக்கும் நண்டின் குளத்து நீர் வாய்க்காலில் இறங்கினால் பக்கத்து இறால் பண்ணையாளர் ஒரு பருவ உழைப்பை இழக்க நேரிடும். ஐஸ் பெட்டியில் உறைய வைப்பதால் நச்சுயிரி சாவதில்லை. கொதிக்கும் நீரில் 15 நிமிடம் வேகவைத்து, பின் காயவைத்து, தூளாக்கிச் சேர்த்தால் கொலஸ்டிராலும் சுண்ணாம்பும் நிறமும் கிடைக்கும். அந்த மணத்துக்கு நண்டும் ஆர்வமாக வரும்.

கோழிக்குடல்?

பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்பு மிகுதியால் நீர் கெடுகிறது, நோய்க் கிருமிகள் வருகின்றன, கோழிக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் நண்டுக்கு வரவும் வாய்ப்பு உண்டு. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிக்குப் போகும் நண்டில் அவற்றின் எச்சம் தெரிந்தால் சரக்கு திரும்பிவிடும். வேறு வழியே இல்லாத நாளில் தோலும் கொழுப்பும் நீக்கி நன்றாக வேகவைத்த ஈரல் துண்டுகளை மட்டும் கொடுக்கலாம்.

கருப்பு ஈயின் புழுவைப் பற்றிச் சொல்கிறார்களே, அது உதவுமா?

பி.எஸ்.எஃப். (பிளாக் சோல்ஜர் ஃபிளை) புழு என்று சொல்லப்படும் இதில், உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதமும், வளர்த்த கழிவைப் பொறுத்து 30 சதவீதம் வரை கொழுப்பும், நிறையச் சுண்ணாம்பும் உண்டு. காய்கறிக் கழிவிலும் சமையல் கழிவிலும் இரண்டு மூன்று வாரத்தில் வளர்கிறது. கொழுப்பு கூடுதலாக இருப்பதால் மொத்தத் தீவனத்தில் கால் பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் உயிரோடு போட்டால் மிதக்கும், அடியில் இருக்கும் நண்டுக்கு எட்டாது. வெந்நீரில் அமிழ்த்திக் காயவைத்து அரைத்துக் குச்சித் தீவனத்தில் சேர்ப்பதே பயன்தரும்.

தாவரப் பொருள்களை நண்டு செரிக்குமா?

செரிக்கும். சேற்று நண்டின் செரிமானச் சாறுகளில் நார்ப்பொருளைச் சிதைக்கும் நொதியும் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. சோயாப் புரதத்தை அது நன்றாகவே செரிக்கிறது. சோயா, கடலை, தேங்காய்ப் புண்ணாக்குகள், தவிடு ஆகியவை இந்தக் கடற்கரையின் எந்த ஊரிலும் கிடைப்பவை. கடலைப் புண்ணாக்கு மட்டும் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்திருந்தால் அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பச்சையாகவோ கருப்பாகவோ புள்ளி தெரிந்தால், மலிவு என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். இராமநாதபுரம் கரையோரம் கிடைக்கும் கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசி நல்ல பசையாகவும் தாது உப்பாகவும் பயன்படும். காயவைத்து அரைத்து, வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் தீவனம் உடையாமல் நிற்கும்.

வீட்டிலேயே குச்சித் தீவனம் செய்வது எப்படி?

10 கிலோவுக்கான ஒரு கலவையைச் சொல்கிறேன்: உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 3 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2.5 கிலோ, கோதுமை மாவு 1.5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, வேகவைத்துக் காய்ந்த இறால் தலைத் தூள் 1 கிலோ, தவிடு அரைக் கிலோ, மீன் எண்ணெய் 200 கிராம், தாது உப்பு வைட்டமின் கலவை 200 கிராம், கஞ்சிப்பாசித் தூள் 100 கிராம். பொதுவான சத்து அளவுகளை வைத்துக் கூட்டினால் இதில் புரதம் 38 சதவீதத்தை ஒட்டியும் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டியும் வரும். இது ஒரு தொடக்கக் கணக்கு. உங்கள் ஊரில் எது மலிவோ அதற்கேற்பப் புரதம் குறையாதபடி மாற்றிக்கொள்ளலாம். கருவாட்டுத் தூளின் பங்கைப் படிப்படியாக இரண்டு கிலோவுக்குக் குறைத்து, காய்ந்த ஜிலேபித் தூளையோ புழுத் தூளையோ அந்த இடத்தில் வைப்பதே நாம் போக வேண்டிய திசை.

எல்லாவற்றையும் மாவு சல்லடையில் சலிக்கும் அளவுக்குப் பொடியாக அரைக்க வேண்டும். கரகரப்பு இருந்தால் நீரில் அந்த இடத்திலேயே குச்சி உடையும். வைட்டமின் கலவையையும் எண்ணெயையும் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றைப் பாசிக் கரைசலும் வெந்நீரும் ஊற்றிச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டையாக்கி, இட்லிப் பானையில் 20 நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். கோதுமை மாவு வெந்து பசையாவது இந்த நிலையில்தான். அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்களின் தீவனம் அரை மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. ஆறிய பிறகு வைட்டமினும் எண்ணெயும் சேர்த்து மீண்டும் பிசைந்து, பெரிய கண் உள்ள முறுக்கு அச்சிலோ இறைச்சி அரைக்கும் கருவியிலோ பிழிந்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவைக்க வேண்டும். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

நண்டு தீவனத்தை இறாலைப் போல அள்ளித் தின்பதில்லை. கொடுக்கால் பிடித்து, வாயருகே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளும். எனவே குச்சி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாகவும், மூன்று மணி நேரமாவது நீரில் உருக்குலையாமலும் இருக்க வேண்டும். குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து, இரண்டு குச்சியைப் போட்டு, மூன்று மணி நேரம் கழித்து விரலால் அழுத்திப் பாருங்கள். மென்மையாக ஆனாலும் உருவம் மாறாதிருந்தால் நல்லது; குவளை நீர் கலங்கிப்போனால் அடுத்த முறை மாவைக் கூட்டுங்கள் அல்லது இன்னும் பொடியாக அரையுங்கள்.

பச்சை மீனுக்குப் பழகிய நண்டு குச்சித் தீவனத்தை ஏற்குமா?

முதல் இரண்டு மூன்று நாள் சில நண்டுகள் ஒதுக்கும். மீன் வேகவைத்த நீரில் குச்சியைச் சில நிமிடம் ஊறவைத்துப் போட்டால் மணத்துக்கு வரும். நான்கில் ஒரு பங்கு குச்சியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முக்கால் பங்குக்குக் கொண்டு வரலாம். தண்ணீர் நண்டை மூன்று வாரம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழக்கும் காலமே பாதி நாளைத் தின்றுவிடும் என்பதால், அவர்கள் ஜிலேபி, மீன் தலை, மட்டி என்று பச்சைத் தீவனக் கலவையிலேயே நிற்பது நல்லது. குச்சித் தீவனத்தின் முழுப் பயன், குஞ்சிலிருந்து பல மாதம் வளர்ப்பவர்களுக்குத்தான்.

தடைக்காலத்துக்கு எப்போது ஆயத்தமாக வேண்டும்?

ஜனவரியிலேயே. ஏப்ரல் முதல் வாரத்தில் எல்லோரும் வாங்க வரும்போது விலை ஏறியிருக்கும். ஜிலேபிக் குட்டையில் தாய் மீன்களைப் பொங்கல் முடிந்ததும் விட்டால் ஏப்ரலில் அள்ளலாம். குச்சித் தீவனத்துக்கான கருவாட்டுத் தூளை மார்ச்சுக்குள் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். உப்புக் கருவாடுதான் கிடைத்தது என்றால் ஓர் இரவு நல்ல நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி, உப்பைக் குறைத்துக் கொடுக்கலாம்.

நண்டுகள் ஒன்றையொன்று தின்பதைத் தீவனத்தால் தடுக்க முடியுமா?

குறைக்கலாம், முழுவதும் தடுக்க முடியாது. ஓடு கழற்றி மென்மையாகக் கிடக்கும் நண்டை, வயிறு நிறைந்த நண்டும் விடுவதில்லை. பனையோலை, உடைந்த ஓடு, பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் என்று ஒளிவதற்கு இடம் போடுவதும், ஒத்த அளவு நண்டுகளைச் சேர்த்து விடுவதும்தான் முதல் வேலை. தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல் கரையைச் சுற்றிப் பல இடங்களில் தூவினால், பெரியது சிறியதை விரட்டுவது குறையும்.

மிச்சத் தீவனத்தையும் மழைக்காலத்தையும் எப்படிச் சமாளிப்பது?

குளத்தின் நான்கு பக்கத்திலும் செக் டிரே எனப்படும் சோதனைத் தட்டு வைத்து, அன்றைய தீவனத்தில் கொஞ்சத்தை அதில் போட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். சுத்தமாக இருந்தால் சற்றுக் கூட்டலாம். ஓடு கழற்றும் முன்னும், கழற்றிய பின் ஓடு இறுகும் வரையும் நண்டு தின்னாது என்பதால் திடீரென மிச்சம் கூடினால் நோய் என்று பயப்படாமல் தட்டைச் சுற்றிப் பழைய ஓடு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நீரின் உப்பு சட்டென்று இறங்கும் நாள்களில் இரை எடுப்பது குறையும். உப்பு மீண்டும் 10 பிபிடிக்கு (லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு) மேல் வரும் வரை பாதி அளவே போடுங்கள். தரைச் சேறு கருத்து, அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தீவனத்தை நிறுத்திவிட்டு முதலில் நீரை மாற்றுங்கள்.

எந்தத் தீவனம் என் குளத்துக்குப் பொருந்துகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு பெட்டி வரிசைகளையோ இரண்டு சிறு அடைப்புகளையோ ஒதுக்கி, ஒன்றில் பழைய தீவனமும் மற்றொன்றில் புதியதும் கொடுத்து, ஒரே நாளில் விட்ட, ஒரே அளவுள்ள நண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். குறிப்பேட்டில் நாளும், போட்ட அளவும், மிச்சமும், செத்த நண்டும், வாரம் ஒருமுறை பத்து நண்டின் எடையும் எழுதி வந்தால் போதும். கொழுக்க வைப்பவர்கள் எடையோடு அடிவயிற்றுப் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வியாபாரி சோதிப்பதும் அப்படித்தான். மேலும் ஐயம் இருந்தால் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்திலோ, சீர்காழிப் பகுதியில் நண்டுக் குஞ்சு உற்பத்தி செய்யும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்திலோ இந்தக் குறிப்பேட்டோடு போய்க் கேளுங்கள். போட்ட தீவனத்தின் அளவு எழுத்தில் இருந்தால், குறை தீவனத்திலா தண்ணீரிலா என்று அவர்களால் விரைவாகச் சொல்ல முடியும்.